அடுக்குக் கல்யாணக் கேக்: சாய்வு, பிதுக்கம், வழுக்கல் – அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

அடுக்குக் கேக்கில் எது கெட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேல் அடுக்கின் எடை இப்போது எதன்மேல் நிற்கிறது? அந்த எடை தன் அடியிலுள்ள போர்டில் இறங்கி, கேக்குக்குள் இறக்கிய தாங்குகுச்சிகள் வழியாக அடுத்த போர்டுக்குப் போய், கடைசியில் மேசையைச் சேர வேண்டும். வழியில் எங்கேயும் கேக் சுமை தாங்கக் கூடாது. கீழ் அடுக்குக்குள் ஒரு சிறு மேசை மறைந்திருக்கிறது, கேக் அதைச் சுற்றி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்த மேசையின் கால் குட்டையாகவோ, சரிந்தோ, மெலிந்தோ இருப்பதால் வருபவை.

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்திலும், எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலும் ரிசப்ஷன் மேடைக்கு மூன்றடுக்குக் கேக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு அடுக்காவது பிளம் கேக்காக இருக்க வேண்டும் என்பார்கள். எடைக் கணக்கு மாறுவது அங்கேதான். 4 இஞ்ச் உயரமுள்ள 8 இஞ்ச் ஸ்பாஞ்ச் அடுக்கு, பில்லிங் சேர்த்துச் சுமார் இரண்டேகால் கிலோ வரும். மேலே விரிப்புபோலப் போர்த்தும் சர்க்கரைப் பூச்சான ஃபாண்டன்ட் இன்னொரு 700 கிராம். அதே உயரத்தில் 6 இஞ்ச் அடுக்கு ஒன்றேகால் கிலோ, ஃபாண்டன்ட் அரை கிலோ. ஆக, 10 இஞ்ச் அடிக் கேக்கின் தலையில் ஏறுவது ஏறக்குறைய நாலேமுக்கால் கிலோ. மேல் இரண்டும் பிளம் கேக் என்றால் ஆறு கிலோ. அந்த எடைக்கு முன்னால் எந்த ஸ்பாஞ்சும் நிற்காது.

கீழ் அடுக்கின் பக்கவாட்டில் வளையம்போலப் பிதுங்குகிறது

பிதுக்கம் எப்போது வந்தது என்று பாருங்கள். மேல் அடுக்கு ஏற்றுவதற்கு முன்பே வந்திருந்தால் குச்சியின்மேல் பழி இல்லை. கேக் படிவதற்கு முன்பே மேல்பூச்சு பூசியிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்பாஞ்ச் தட்டும் தன் எடையில் கொஞ்சம் அமுங்கும். நடுவிலுள்ள காற்றும் பில்லிங்கும் வெளியே வர வழி தேடும். இதைப் பூசுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பில்லிங் வைத்து அடுக்கிய கேக்கை கிளிங் ஃபிலிமால் சுற்றி, மேலே ஒரு போர்டு, அதன்மேல் அரை கிலோ எடையுள்ள தரை ஓடு ஒன்றை வைத்து மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். விப்பிங் கிரீம் பில்லிங் என்றால் பாரம் வேண்டாம், ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க இருந்தால் போதும். பில்லிங் 6 முதல் 8 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஜாம், பழக்கூழ், கஸ்டர்ட் போன்ற இளகிய பில்லிங் என்றால், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே கெட்டியான பட்டர்கிரீமால் வரப்பு கட்டிவிட்டு நடுவில் நிரப்புங்கள்.

மேல் அடுக்கு ஏற்றிய பிறகு பிதுங்கினால் குச்சி குட்டை. கேக்கின் மேல்பூச்சு மட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே குச்சி நின்றால்கூட, மேல் போர்டு முதலில் கேக்கில்தான் உட்காரும். அகலமான இரண்டு ஸ்பாட்டுலாக்களைப் போர்டுக்கடியில் எதிரெதிரே நுழைத்து மேல் அடுக்கைத் தூக்குங்கள். குச்சித் தலைகள் பூச்சுக்குள் புதைந்திருந்தால் காரணம் உறுதி. சுத்தமான மூக்குக் கொறடால் பழைய குச்சிகளை உருவிவிட்டு, சரியான நீளத்தில் வெட்டியவற்றை இறக்குங்கள். பழையதன் மேலேயே துண்டு வைத்து ஒட்டுப்போடுவது வேண்டாம், அது ஆடும்.

நீளத்தை அளக்கும் முறை இது. ஒரு குச்சியைக் கேக்கின் மிக உயர்ந்த இடத்தில் அடிப்போர்டைத் தொடும்வரை இறக்கி, பூச்சு மட்டத்தில் நகத்தாலோ பேனாக் கத்தியாலோ குறியிட்டு எடுங்கள். அந்த ஒரு குச்சியை வைத்தே மற்ற எல்லாவற்றையும் வெட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாக அளந்து வெட்டினால், கேக்கின் மேடு பள்ளம் அப்படியே குச்சிகளுக்கு வந்து, மேல் அடுக்கும் சாயும். பூச்சுக்கு மேலே அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் நின்றால் தவறில்லை.

மேல் அடுக்கு 6 இஞ்ச் என்றால் 4 அல்லது 5 குச்சி, 8 இஞ்ச்சுக்கு 6, 10 இஞ்ச்சுக்கு 8. பிளம் கேக் ஏறுகிறது என்றால் ஒன்றிரண்டு கூட்டுங்கள். மேல் அடுக்கின் போர்டை மெதுவாக வைத்து அதன் வட்டம் பதிந்ததும், அந்த வட்டத்துக்கு ஒரு இஞ்ச் உள்ளே சம இடைவெளியில் குச்சிகளை இறக்க வேண்டும். விளிம்புக்கு நெருங்கினால் போர்டு கொஞ்சம் நகர்ந்தாலே ஒரு கால் வெளியே வந்துவிடும்.

கேக் ஒரு பக்கமாகச் சாய்கிறது

எல்லோரையும் பதறவைப்பது இதுதான். கையை வைக்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். போனை ஒரே இடத்தில் வைத்து, கட்டக்கோடு போட்டுப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். சாய்வு கூடவில்லை என்றால் நேரம் இருக்கிறது, நிதானமாகக் காரணம் தேடலாம். கூடிக்கொண்டே போனால் உடனே மேல் அடுக்கை இறக்கிவிட வேண்டும். தானாக நின்றுவிடும் என்று காத்திருப்பது பயன் தராது.

அடுத்தது ரசமட்டம். கொத்தனார் வைத்திருக்கும் நீளமானது வேண்டாம், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கையளவுச் சிறியது போதும். முதலில் மேசையில் வையுங்கள், பிறகு அடிப்போர்டில், கடைசியாக ஒவ்வொரு அடுக்கின் தலையிலும். குமிழி எந்த இடத்தில் நடுவை விட்டு விலகுகிறதோ அதற்குக் கீழேதான் கோளாறு.

மேசையிலேயே விலகினால் கேக் சரியாகத்தான் இருக்கிறது. பாரிஷ் ஹால்களிலும் ஆடிட்டோரியங்களிலும் பிளைவுட் பரப்பிய மேடைமேல் ஃப்ரில் துணி கட்டிய மேசை போடுவார்கள். துணிக்குள் எந்தக் கால் தொங்குகிறது என்று வெளியே தெரியாது. மேசைக் காலுக்கடியில் தகடு கொடுத்துச் சமன் செய்யுங்கள். கேக்கின் அடிப்போர்டுக்கடியில் அட்டை மடித்து வைக்காதீர்கள். போர்டு வளையும், வளைந்தால் பூச்சு வெடிக்கும்.

மேசையும் அடிப்போர்டும் சமமாக இருந்து மேல் அடுக்கு மட்டும் சாய்ந்தால், இரண்டு காரணம் இருக்கலாம். குச்சிகள் நீளத்தில் வித்தியாசப்பட்டால் சாய்வு ஏற்றிய உடனே தெரியும், பிறகு அதிகம் கூடாது. குச்சிகள் செங்குத்தாக இறங்காமல் சரிந்து இறங்கியிருந்தால் சாய்வு நேரம் ஆக ஆகக் கூடும், வண்டி குலுங்கினால் இன்னும் கூடும். இதுதான் ஆபத்தானது. எல்லாக் குச்சியும் ஒரே பக்கம் சரிந்திருந்தால், மேல் அடுக்கு இறங்காமல் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும். கடைசியில் கீழ்க் கேக்கைக் கிழித்துக்கொண்டு விழும். மெல்லிய குச்சிக்கு இந்தக் குணம் அதிகம். தடித்த குழாய் வகை டவுல் (தாங்குகுச்சி) கேக்கைத் துளைத்து நேராக நிற்கும், எளிதில் சரியாது. எந்த வகையானாலும், இறக்கும்போது மூலைமட்டத்தையோ தடித்த அட்டையின் நேர் விளிம்பையோ பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் பார்த்து நேர் என்று விட்டுவிடாமல், தொண்ணூறு டிகிரி திருப்பி இன்னொரு முறையும் பாருங்கள்.

நடுக்குச்சியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எல்லா அடுக்கையும் ஊடுருவி நடுவில் ஒரே நீளக் குச்சி இறக்கிவிட்டால் மற்றவை தேவையில்லை என்பார்கள். நடுக்குச்சி அடுக்குகள் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும், எடையைத் தாங்காது. மேல் போர்டு அதைச் சுற்றி வழுக்கிக் கீழே இறங்கத் தடையே இல்லை. ஆகவே சுற்றியுள்ள குச்சிகள் கட்டாயம் வேண்டும், நெடும்பயணத்துக்கு நடுக்குச்சி கூடுதலாக வேண்டும்.

இன்னொரு வகைச் சாய்வும் உண்டு. போர்டுகள் எல்லாம் சமம், ஆனால் ஒரு அடுக்குக்குள்ளேயே ஸ்பாஞ்ச் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியிருக்கும். அந்த அடுக்கின் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பில்லிங் இளகியதே காரணம். அரை மணி நேரம் குளிரவைத்து, இரு கையாலும் மெதுவாகத் தள்ளி நேராக்கி, அந்த அடுக்குக்குள்ளேயே ஒரு குச்சியை மேலிருந்து அடிப்போர்டுவரை இறக்குங்கள். ஒரே அடுக்கை 4 இஞ்ச்சுக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தால், நடுவில் ஒரு போர்டும் குச்சியும் கொடுத்து இரண்டு அடுக்காகவே அதைக் கருத வேண்டும்.

அடுக்குகளுக்கு நடுவே கோடு தெரிகிறது

குச்சியின் நீளம் கூடிவிட்டது. இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், பட்டர்கிரீம் முத்துகளோ ரிப்பனோ மறைத்துவிடும். அதற்கு மேலென்றால் மேல் அடுக்கைத் தூக்கி, குச்சிகளை உருவி, வெட்டித் திரும்ப இறக்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் போர்டு வளையுமே தவிர குச்சி குட்டையாகாது.

போர்டு நடுவில் குழிகிறது, அல்லது குச்சி அதைக் குத்துகிறது

பொருள் தேர்வில் நேரும் கோளாறு இது. பார்பிக்யூ குச்சி மூன்று மில்லிமீட்டர்தான் தடிமன், நெளி அட்டையை ஊசிபோலத் துளைத்துவிடும். 6 மில்லிமீட்டர் மரக்குச்சி வாங்குங்கள், அல்லது பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கும் தடித்த பிளாஸ்டிக் டவுல் குழாய். மரக்குச்சியைத் தோட்டக் கத்தரியால் வெட்டினால் முனை சாய்வாக வரும், பிசிறும் விழும். ஆக்ஸா பிளேடால் நேராக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, துடைத்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

தடித்த போபா டீ ஸ்ட்ராவை வெட்டி வைப்பது வீட்டு பேக்கர்களிடம் பழகிப்போன முறை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாகக் காகித ஸ்ட்ராவை ஒருபோதும் இறக்காதீர்கள். கேக்கின் ஈரத்தில் ஊறி நசுங்கிவிடும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போர்டு நம்பகமானது. கேக்கின் அளவேதான் போர்டும் இருக்க வேண்டும், ஃபாண்டன்ட் போர்த்துவதென்றால் ஒரு நூல் குறைவாக. எல்லாவற்றையும் தாங்கும் அடிப்போர்டு 12 மில்லிமீட்டர் கனம், அடிக் கேக்கைவிட 3 அல்லது 4 இஞ்ச் அகலம். தங்கநிற அட்டை மட்டும்தான் கைவசம் என்றால் இரண்டை நெளிவுத் திசை குறுக்காக வரும்படி ஒட்டி, கிளிங் ஃபிலிம் சுற்றிப் பயன்படுத்தலாம்.

தெர்மாகோல் டம்மி அடுக்கு வைத்தால் கோளாறு வேறு விதமாக வரும். எடையே இல்லாததால் அது ஆடும், காற்றாடி வேகத்துக்கே நகரும். அடியில் உருக்கிய சாக்லெட்டால் ஒட்டி, இரண்டு குச்சியைக் கீழ் அடுக்கிலிருந்து டம்மிக்குள் ஏறும்படி விடுங்கள். நடுக்குச்சியைத் தவிர, இந்த ஒரு இடத்தில் மட்டும் குச்சி போர்டைத் தாண்டலாம்.

வண்டியில் மேல் அடுக்கு நகர்ந்துவிட்டது

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊருக்கு ஊர் பிரேக் பிடித்துப் போகும் சாலை. கேக்கை நகர்த்துவது வேகம் அல்ல, திடீர் பிரேக்கும் வேகத்தடையும். மூன்றடுக்கு என்றால் கீழ் இரண்டை மட்டும் அடுக்கி எடுத்துப்போங்கள். மேல் அடுக்கைத் தனிப் பெட்டியில் கொண்டுபோய் மண்டபத்தில் ஏற்றுவதே எங்கள் திடமான கருத்து. முழுதாக அடுக்கித்தான் போக வேண்டும் என்றால் நடுக்குச்சி இல்லாமல் கிளம்பாதீர்கள். 8 அல்லது 10 மில்லிமீட்டர் மரக்குச்சியின் முனையைச் சீவிக் கூராக்கி மேலிருந்து அடிக்க வேண்டும். நெளி அட்டையானால் துளைத்துப் போகும், எம்.டி.எஃப். துளைக்காது. அதற்கு எல்லாப் போர்டின் மையத்திலும் குச்சியைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிய ஓட்டை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும்.

கேக் பெட்டி வண்டியின் சீட்டில் இருக்கக் கூடாது. சீட் பின்பக்கம் சரிந்திருக்கும். டிக்கியின் சமதளத்தில், வழுக்காத ரப்பர் பாய்மேல் வையுங்கள். கேக் ஏற்றுவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியைப் போட்டு வண்டியைக் குளிரவிடுங்கள். டிக்கி ஏசி எட்டாத வகை வண்டியென்றால் பின்சீட்டுக்கு முன்னுள்ள கால்வைப்புத் தளம் நல்லது.

நகர்ந்தது ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் பக்கவாட்டில் தள்ளாதீர்கள். தள்ளினால் குச்சிகளும் சேர்ந்து சரியும். நடுக்குச்சி இருந்தால் உருவிவிட்டு, தூக்கி, குச்சிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, நடுவில் கொஞ்சம் கனாஷ் (சாக்லெட்டும் கிரீமும் கலந்த பூச்சு) தடவித் திரும்ப வையுங்கள். ஓட்டைகள் பெரிதாகியிருந்தால் வட்டத்தைப் பத்துப் பதினைந்து டிகிரி திருப்பிப் புது இடத்தில் குச்சி இறக்குங்கள். பழைய ஓட்டைகளைப் போர்டே மறைத்துவிடும்.

ஃபாண்டன்ட் வியர்க்கிறது, பளபளக்கிறது

குளிர்ந்த கேக் ஈரக்காற்றைச் சந்தித்தால் வியர்க்கத்தான் செய்யும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் குமரியில் ஜூனிலிருந்து டிசம்பர்வரை இதை எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும். வியர்த்த பரப்பைத் துடைக்காதீர்கள், தொடவும் வேண்டாம். ஏசி அறையிலோ, தூரத்தில் வைத்த மின்விசிறிக் காற்றிலோ தானாக உலரும். சிவப்பு, கறுப்பு ஃபாண்டன்ட் துடைத்தால் சாயம் வெள்ளைமேல் இறங்கிவிடும்.

வராமல் தடுக்க: கேக்கை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி மூடித்தான் ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஈரம் பெட்டியின்மேல் படியும், கேக்குக்கு வராது. கல்யாண வீட்டார் பார்க்க ஆசைப்பட்டுத் திறக்கச் சொல்வார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள்.

ஃபாண்டன்ட் நீண்டு விளிம்பில் கிழிந்தால், அரை கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் (ஃபாண்டன்ட்டை இறுக்கும் பொடி) பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்துத் திரட்டுங்கள். காற்றுக் குமிழியை மெல்லிய சுத்தமான ஊசியால் சாய்வாகக் குத்தி, ஸ்மூதரால் ஓட்டையை நோக்கித் தள்ளினால் போதும். குத்திய ஊசியை உடனே டப்பாவில் போடுங்கள், மேசையில் வைக்க வேண்டாம்.

பூச்சு இளகி வழிகிறது

வெண்ணெய் 30 டிகிரியைத் தொடும்போதே தளர்ந்துவிடும். தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பிறகு வரும் கல்யாணங்கள் இந்த வெப்பத்தில்தான் நடக்கின்றன. முழு வெண்ணெய் பட்டர்கிரீமில் பாதியை வெஜிடபிள் ஷார்ட்டனிங்காக மாற்றுங்கள், அல்லது கனாஷுக்குப் போங்கள். டார்க் சாக்லெட் கனாஷ் வழக்கமாக 2 பங்கு சாக்லெட்டுக்கு 1 பங்கு கிரீம். ஏப்ரல், மே மாதங்களில் 3க்கு 1. ஒயிட் சாக்லெட் அதைவிட மென்மையானது, 3க்கு 1 என்பதை 4க்கு 1 வரை கூட்ட வேண்டியிருக்கும். விப்பிங் கிரீம் பூச்சில் இரண்டடுக்குக்கு மேல் போகாதீர்கள். ஏசி இல்லாத ஹாலுக்கு அதையும் ஏற்க வேண்டாம். ஹாலைப் பற்றி ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மேடை விளக்கு கேக்கின் தலைக்கு நேராக விழுகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பூ வைத்த இடம் பள்ளமாகிறது

பூங்கொத்தின் எடை முழுக்க மேல் விளிம்பில் தொங்குகிறது. காம்புகளை ஒன்றாகச் சேர்த்து ஃப்ளோரல் டேப் சுற்றி, மூடிய குழாய்க்குள் செருகி, அந்தக் குழாயைக் கேக்கில் இறக்குங்கள். காம்பு கேக்கைத் தொடவே கூடாது. தோவாளைச் சந்தையில் வாங்கும் பூ அலங்காரத்துக்கும் மாலைக்கும் வளர்ந்தது, மருந்து தெளித்திருக்கும். அரளி வேண்டவே வேண்டாம், அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அதை விலக்கியிருக்கிறது. செங்காந்தளும் முழுக்க நஞ்சுதான், அதுவும் வேண்டாம். ரோஜா பாதுகாப்பானது, அதையும் மருந்தில்லாமல் வளர்த்த இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெட்டும்போது கத்தி எதிலோ முட்டுகிறது

கத்தி முட்டியது குச்சியில். மணமக்கள் வெட்டும் இடத்தை நீங்களே முன்கூட்டிக் காட்டிவிடுங்கள்: அடி அடுக்கின் வெளி விளிம்பில், குச்சி வட்டத்துக்கு வெளியே. படம் எடுத்து முடிந்ததும் மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக இறக்கி, குச்சிகளை உருவிய பிறகே துண்டுபோட வேண்டும். அடுக்கியபடியே வெட்டத் தொடங்கினால் மேல் அடுக்கு சரியும். பல்குச்சியை எந்த இடத்திலும் தாங்கலுக்குப் பயன்படுத்தாதீர்கள், துண்டோடு சேர்ந்து குழந்தை வாய்க்குப் போய்விடும். பரிமாறுகிறவர்களிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: அடி அடுக்கில் 6 குச்சி, நடு அடுக்கில் 4, நடுவில் நீளக் குச்சி 1, போர்டு 3. எண்ணி எடுத்து எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எண்ணிக்கை சரியாக வரும்வரை அந்த அடுக்கைப் பந்திக்கு அனுப்பக் கூடாது.